வாய்விட்டுச் சொன்னால்

போர்ட் பிளேர் கப்பல் வியாழக்கிழமைக்குப் பதிலாகப் புதன்கிழமை காலையிலேயே மூஸ் ஜெட்டிக்கு வந்துவிடும் என்று தகவல் வந்தபோது பிரவீன்குமார் வேலை முடிந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தான். கடல் கெடப்போகிறது என்று ஒரு நாள் முன்னதாகவே கிளப்பிவிட்டார்களாம். அந்தக் கப்பலில்தான் அவன் அம்மா ரெங்கம்மா வருகிறாள். கல்யாணமாகி ஏழு மாதம் கழித்து, கார் நிக்கோபாரில் மகன் குடித்தனம் நடத்துவதை முதல் தடவையாகப் பார்க்க வருகிறாள்.

"எனக்கு நாளைக்கு ஆறு மணி டியூட்டி. கூட வேலை பாக்குற மண்டலுக்குக் காய்ச்சல். மாத்தி விட ஆள் கிடையாது" என்றான். பவர் ஹவுஸில் டீசல் ஜெனரேட்டரைக் கவனிக்கிற வேலை அவனுக்கு. அது நின்றால் பாதித் தீவு இருண்டுவிடும்.

"நான் போய்க் கூட்டிட்டு வர்றேன்" என்றாள் மனைவி ஈஸ்வரி.

"தனியாவா?"

"ஆமா. வழியை மட்டும் சொல்லுங்க. பேப்பர்ல வரைய வேண்டாம். வாயால சொல்லுங்க."

அவன் சொன்னான். குவார்ட்டர்ஸ் வாசல், தண்ணீர் டேங்க், டேங்குக்கு அப்புறம் அவள் வாட்ச் கட்டிய கைப்பக்கம், சர்ச்சு, சர்ச்சுக்கு எதிரே பஸ் நிற்கும், ஏறினால் கடைசி நிறுத்தம் ஜெட்டி. அவள் ஒரு சொல் பிசகாமல் இரண்டு முறை திருப்பிச் சொன்னாள். இவ்வளவு தெளிவாகத் திருப்பிச் சொல்கிறவளுக்கு வழி தப்புமா என்று அவன் நிம்மதியாகத் தூங்கப் போனான்.

ஈஸ்வரி விஷயத்தில் எல்லோரும் ஏமாறுகிற இடம் அதுதான். முழுப்பெயர் மங்களேஸ்வரி. நடு அந்தமானில் ரங்கத் பஜாரில் காய்கறிக் கடை வைத்திருக்கும் தம்பையாவின் மூத்த மகள். தம்பையா ராமநாதபுரம் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். மகள் ஒரு வயதில் பேச ஆரம்பித்தவள், பிறகு நிறுத்தவே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுக் கேட்டே பத்து வயதுக்குள் ஹிந்தி, பெங்காலி, தெலுங்கு மூன்றும் வந்துவிட்டன. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி என்றால் பரிசு அவளுக்குத்தான். ஆனால் பன்னிரண்டு வயது வரை ஷூ லேஸ் கட்ட வரவில்லை. சைக்கிள் கடைசி வரை வரவில்லை. பூகோளப் பரீட்சையில் ரங்கத்தைக் கடலுக்குள் குறித்துவிட்டு வந்தாள். தராசில் காய் நிறுக்கச் சொன்னால் பாதி தரையில் கிடக்கும். டீச்சர் முறைத்துக்கொண்டு நிற்கும்போதும் இவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருப்பாள். "இவ்வளவு பேசத் தெரிஞ்சவளுக்கு இது தெரியாதா? எல்லாம் கொழுப்பு" என்று அடி வாங்கியது அவளுக்குக் கணக்கில்லை.

போர்ட் பிளேரில் காலேஜ் படிக்கும்போது, மூன்றாவது மாதமும் வகுப்பறை தெரியாமல் வராந்தாவில் நின்றவளை அங்கிருந்த கவுன்சலர் அம்மா உட்கார வைத்து, இரண்டு நாள் கட்டைகளை அடுக்கச் சொல்லியும் படங்களைப் பார்த்து வரையச் சொல்லியும் சோதித்தாள். அதற்கு இங்கிலீஷில் நீளமான ஒரு பேர் சொன்னாள். நான்வெர்பல் லேர்னிங் டிசபிலிட்டி. பிறகு சாதாரணமாகவும் சொன்னாள்: "சொல்லா வர்றது எல்லாம் உனக்கு நல்லா உள்ள போகுது. திசை, தூரம், வடிவம், மூஞ்சி, சாடை, இதுங்க மூலமா வர்றது உள்ள போக மாட்டேங்குது. இது சோம்பேறித்தனமும் இல்ல, கொழுப்பும் இல்ல. புரியுதா?" ஈஸ்வரி அன்றைக்கு அழுதாள். கொழுப்பு இல்லை என்று ஒரு ஆள் சொல்லி முதல் தடவையாகக் கேட்டதால் வந்த அழுகை.

அவள் அம்மா ஜெயலட்சுமி அந்தப் பேப்பரை வாங்கி மடித்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாள். "பேரு வச்சுட்டா சரியாப் போயிருமா? கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் இதப் பத்தி வாயத் தொறக்காத. அப்புறமும் தொறக்காத."

அவள் திறக்கவில்லை. நிச்சயமான பிறகு பிரவீன்குமாரோடு பதினோரு மாதம் போனில் பேசியபோதும் திறக்கவில்லை. வேறு எல்லாவற்றையும் பேசினாள். கார் நிக்கோபாரில் அப்போது வீடியோ ஓடாது. குரல் மட்டும்தான். நாலு பேருக்கு முன்னால் நாலு வார்த்தை பேசாத அவன், போனில் ஒரு மணி நேரம் பேசுவான். ஜெனரேட்டர் சத்தம் மாறினால் அதற்கு என்ன நோவு என்று தெரியும் என்பான். அப்பா செத்த அன்று அழுகை வராமல் போனதைச் சொல்வான். கடலைக் கண்டால் இன்னும் பயம் என்பான். "இப்ப சிரிக்கிறேன்" என்றுகூடச் சொல்வான், அவளுக்குத் தெரிய வேண்டுமே என்று. இவ்வளவு விளக்கமாகத் தெரிந்த ஒரு மனுஷன் தனக்குக் கிடைத்துவிட்டான் என்று அவள் நம்பினாள்.

கல்யாணமாகி ஒரே வீட்டுக்குள் வந்ததும் அவன் பேசுவதை நிறுத்திவிட்டான். கோபமா, அலுப்பா, ஆசையா என்பதையெல்லாம் முகத்தில் வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான். பக்கத்திலேயே இருக்கிறாள், பார்த்தால் தெரிந்துவிடாதா என்பது அவன் எண்ணம். அவளுக்கோ போனில் இருந்த ஆள் எங்கே போனான் என்றே விளங்கவில்லை.

புதன்கிழமை காலை ஐந்தரைக்கே வீட்டை விட்டுக் கிளம்பினாள். நல்ல மழை. டேங்க் வந்தது, வாட்ச் கைப்பக்கம் திரும்பினாள், சர்ச்சு வந்தது. ஆனால் சர்ச்சுக்கு எதிரே ஒரு பெரிய மரம் சாய்ந்து ரோட்டை அடைத்துக் கிடந்தது. பஸ் இல்லை. பிரவீன்குமார் சொன்ன வாக்கியங்களில் சாய்ந்த மரம் கிடையாது. தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போன ஒருவரிடம், ஜெட்டி பஸ் எங்கே நிற்கும் என்று ஹிந்தியில் கேட்டாள். அவர் நிற்காமல், மோவாயை ஒரு பக்கம் தூக்கி, கையை இன்னொரு பக்கம் வளைத்துக் காட்டிவிட்டுப் போய்விட்டார். அவளும் தலையாட்டிவிட்டாள். சாடை காட்டுகிறவர்களிடம் மறுபடி கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்பது பழைய அனுபவம்.

அவள் போன பக்கத்தில் ஒரு பஸ் நின்றது. ஏறினால் கடைசி நிறுத்தம் ஜெட்டி என்று அவன் சொன்னது நினைவிருந்தது. ஏறினாள். தீவைச் சுற்றிப் போகிற ரோடு. தென்னந்தோப்பும், மரக்கால்கள் மேல் நிற்கும் வட்டக் குடிசைகளும், பன்றிகளும் மழையில் நழுவிக்கொண்டே போயின. எல்லா வளைவும் அவளுக்கு ஒரே வளைவுதான். கடைசி நிறுத்தத்தில் இறங்கினால் கடல் இருந்தது, ஜெட்டி இல்லை.

அங்கே ஒரு சின்னக் கடையில் பிஸ்கட் பாக்கெட்டுகளை மழைக்கு ஒதுக்கிக்கொண்டிருந்த நிக்கோபாரி அம்மா, "கஹாங் ஜானா ஹை, பேட்டி?" என்று, எங்கே போக வேண்டும் என விசாரித்தாள்.

"ஜெட்டி."

"ஜெட்டியா? அரே, வோ தோ உல்டா சைட் ஹை!" நேர் எதிர்ப்பக்கம் வந்திருக்கிறாய் என்று சொல்லிவிட்டு அந்த அம்மா அவள் தலையைத் துடைக்கத் துண்டு கொடுத்தாள். மார்த்தா என்று பேர். எந்த பஸ், எத்தனையாவது நிறுத்தம், டிரைவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதைக் கையை ஆட்டாமல் வாயாலேயே சொன்னாள். அடுத்த பஸ் எட்டேமுக்காலுக்குத்தான் இருந்தது.

ஜெட்டியில் கப்பல் வந்து இறக்கி ஏற்றிப் போயும் விட்டது. கோடவுன் சுவரோரம், பெட்டி மேல், முக்காடு போட்டு ரெங்கம்மா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் நீட்டிக்கொண்டிருந்த அட்டைப்பெட்டி நனைந்து கூழாகியிருந்தது. மணி பத்து.

"அத்தை, மன்னிச்சிக்கிருங்க. பஸ் மாறி ஏறிட்டேன். ரொம்ப நேரம் மழையில இருந்துட்டீங்களா?"

ரெங்கம்மா உதட்டை இழுத்துச் சிரித்தாள். "பரவாயில்லம்மா. மூணு மணி நேரம் சாரல்ல உக்காந்திருந்தது எவ்வளவு சொகமா இருந்துச்சு தெரியுமா? இதுக்குன்னே டிக்கெட் போட்டு வந்த மாதிரி."

"அப்படியா அத்தை!" ஈஸ்வரிக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கியது. "எனக்கும் சாரல்னா ரொம்பப் பிடிக்கும். இங்க தினமும் இப்படித்தான் பெய்யுது. நாளைக்கு நம்ம வீட்டு வராந்தாவுல உக்காரலாம்."

ரெங்கம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அதற்கப்புறம் பஸ்ஸில் வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. அத்தைக்குக் களைப்பு என்று நினைத்துக்கொண்டு ஈஸ்வரி மார்த்தாவின் கடையைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ரெங்கம்மா போர்ட் பிளேரில் ஒரு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் வார்டு ஆயாவாக இருந்தவள். வாய் பேச முடியாமல் கிடப்பவர்களின் முகத்தைப் பார்த்தே யாருக்குத் தண்ணீர் வேண்டும், யாருக்கு வலி, யார் இந்த ராத்திரியைத் தாண்ட மாட்டார் என்று சொல்லிவிடுவாள். டாக்டர்களே அவளைக் கேட்பார்கள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த மருமகள் முகத்தையே பார்ப்பதில்லை. பார்த்தாலும் அதில் ஒன்றும் எழுதியிராததுபோல இருக்கிறாள். இது திமிர் இல்லாமல் வேறு என்ன?

சமையலறையில் இரண்டு பேர் புழங்க இடம் போதவில்லை. ரெங்கம்மா கண்ணால் உப்பு டப்பாவைக் காட்டுவாள். ஈஸ்வரி "என்ன அத்தை?" என்பாள். ஈஸ்வரி போடுகிற சப்பாத்தி ஒன்று அந்தமான் மாதிரி நீண்டிருக்கும், ஒன்று நிக்கோபார் மாதிரி சிதறியிருக்கும். முதல் நாள் ஒரு கண்ணாடி டம்ளர் போனது, மூன்றாம் நாள் இரண்டு. துவைத்த சேலையை மடித்தால் நாலு மூலையும் நாலு திசை பார்க்கும். ஆனால் சாயங்காலமானால் குவார்ட்டர்ஸ் ஆட்கள் ஒவ்வொருவராக அவளைத் தேடி வந்தார்கள். "தீதீ, சுட்டிக்கு, லீவுக்கு, ஒரு அப்ளிகேஷன்." "சிஸ்டர், இந்த ஆபீஸ் லெட்டர்ல என்ன போட்டிருக்கு?" அவள் ஹிந்தியில் ஒன்று, இங்கிலீஷில் ஒன்று என்று மளமளவென்று எழுதிக் கொடுத்தாள். ரெங்கம்மா அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஊருக்கெல்லாம் இவ்வளவு மூளை செலவழிக்கிறவள் வீட்டு வேலையில் மட்டும் வேண்டுமென்றே செய்கிறாள் என்பது அவளுக்கு உறுதியாகிவிட்டது.

"டேய், உன் பொண்டாட்டி என்னை மதிக்கல" என்றாள் மகனிடம்.

"அவ அப்படித்தாம்மா" என்றான் அவன். மேலே ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. ஏழு மாதமாக அவனுக்கும் அதே சந்தேகம்தான். மேலதிகாரியான ஜே.இ. நாலு பேர் முன்னால் திட்டிய அன்று, வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவள் கப்பலில் வந்த கத்திரிக்காயின் தரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தாள்.

ஆறாம் நாள் மத்தியானம் ஈஸ்வரி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பானையைச் சாய்க்கும்போது கஞ்சி எங்கே விழும் என்பதில் அவளுக்கு எப்போதுமே பதற்றம் உண்டு. அதனால் உதட்டுக்குள் "தட்டை அழுத்து, தொட்டிப் பக்கம் சாய்" என்று சொல்லிக்கொண்டே சாய்ப்பாள். ரெங்கம்மா பக்கத்தில் குனிந்து தரையில் சிந்தியதைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பானை சரியத் தொடங்குவதைப் பார்த்து, நில் நில் என்பதுபோல் கையை உயர்த்தி வேகமாக ஆட்டினாள். ஈஸ்வரி அந்தக் கையைப் பார்த்தாள். நகரச் சொல்கிறாளா, ஊற்றச் சொல்கிறாளா என்று யோசித்தாள். யோசித்து முடிப்பதற்குள் கொதிகஞ்சி ரெங்கம்மாவின் வலது பாதத்தில் கொட்டிவிட்டது.

பவர் ஹவுஸுக்குப் போன் போய், பிரவீன்குமார் ஓடி வந்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், கட்டுப்போட்டுத் திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். ரெங்கம்மா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஈஸ்வரி சுவரோரம் நின்றாள்.

"நான் கையைக் காட்டுனேன்ல? கண்ணுக்கு முன்னால காட்டுனேன்ல? பாத்துக்கிட்டே ஊத்துனா. டேய், பாத்துக்கிட்டே ஊத்துனாடா!"

"இல்ல அத்தை. கை ஆடுறது தெரிஞ்சது. என்ன சொல்றீங்கன்னு தெரியல."

"நிறுத்துன்னு கை காட்டுனா சின்னப்புள்ளைக்குக்கூடத் தெரியும்டீ! கப்பல் வரட்டும். என்கூடக் கிளம்பு. உன்னைக் கொண்டுபோய் ரங்கத்துல உங்க ஆத்தாகிட்ட விட்டுட்டுத்தான் எனக்கு மறுவேலை."

அப்போதுதான் ஈஸ்வரி வாயைத் திறந்தாள். காலேஜ் கவுன்சலரையும், கட்டைகளையும், அந்த நீளமான பேரையும், அம்மா பூட்டி வைத்த பேப்பரையும் சொன்னாள். திணறாமல், கோர்வையாக, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை சொன்னாள்.

அவ்வளவு கோர்வையாகச் சொன்னதுதான் வினையாயிற்று. "கேட்டியாடா? வக்கீல் கணக்கா பேசுறா. இதுக்கு வியாதியாம். நானும் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில கெடந்தவதான். வாய் இந்தப் போடு போடுற வியாதியை நான் பாத்ததில்ல" என்று ரெங்கம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஈஸ்வரி பிரவீன்குமாரைப் பார்த்தாள். அவன் முகத்தில் என்னென்னவோ ஓடியது. புருவம் அசைந்தது, தொண்டை ஏறி இறங்கியது. அதற்கெல்லாம் அர்த்தம் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அர்த்தம்தான் தெரியாது.

"ஏங்க, கோபமா இருக்கீங்களா?"

அவன் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டான்.

கடல் கெட்டுக் கப்பல் நாலு நாள் தள்ளிப்போயிற்று. அந்த நாலு நாளும் ஈஸ்வரி அத்தைக்கு மருந்து போட்டாள், தலை சீவிவிட்டாள், முருங்கைக்கீரை உருவினாள். ரெங்கம்மா "ம்", "வேணாம்" தவிர ஒன்றும் பேசவில்லை. பிரவீன்குமார் காற்றில் அறுந்த லைன்களை ஒட்டும் ஆட்களோடு நாள் முழுக்க அலைந்துவிட்டு வந்து, தின்றுவிட்டுப் படுத்தான். கிளம்பு என்று சொன்ன அத்தை அதற்கப்புறம் போகாதே என்று சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. கிளம்பு என்பதுதான் அந்த வீட்டில் கடைசியாகச் சொல்லப்பட்ட சொல். ஈஸ்வரி அதை ராத்திரியும் பகலும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்கு வேறு அர்த்தம் கிடைக்கவில்லை.

"அம்மாவுக்கு டிக்கெட் எடுத்துரு" என்று அவன் சொன்னபோது, தனக்கு எடுக்க வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை என்பதையும் அவள் கவனித்தாள். கவுண்டரில் இரண்டு டிக்கெட் எடுத்தாள். மெதுவாக, யாரிடமும் மறைக்காமல், கூடத்தில் வைத்தே தன் துணிகளைப் பையில் அடுக்கினாள். அழுகை வந்தபோது பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள்.

கட்டிலில் இருந்தபடியே அதைப் பார்த்த ரெங்கம்மா, பவுசு காட்டுகிறாள், வாசல்படி வரைக்கும் போகும் இந்த வீறாப்பு என்று நினைத்துக்கொண்டாள். பிரவீன்குமாரும் பார்த்தான். சரி, அவளுக்கே இருக்கப் பிரியமில்லை, போகத் தீர்மானித்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டான். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கிடந்தான். காலையில் கண் சிவந்து, சவரம் செய்யாத முகத்தோடு இரண்டு பைகளையும் அவனே தூக்கி ஜீப்பில் வைத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டும் இவளால் போக முடிகிறதே என்பது மட்டும்தான் அவன் மனசில் ஓடியது.

ஜெட்டியில் கூட்டம். இளநீர்க் குலைகள், கொப்பரை மூட்டைகள், கூண்டுக்குள் உறுமுகிற இரண்டு பன்றிகள், மெயின்லேண்டுக்குப் படிக்கப் போகும் பிள்ளைகள், அழுகிற தாய்மார்கள். வரிசை கப்பல் ஏணியை நோக்கி ஊர்ந்தது. டிக்கெட் பார்க்கிறவர் கையை நீட்டினார். ஈஸ்வரி இரண்டையும் கொடுத்தாள்.

"தோ?"

"ஹாங், தோ" என்றாள் அவள். ஆமாம், இரண்டுதான்.

ரெங்கம்மா கட்டுப்போட்ட காலை ஊன்றித் திரும்பினாள். "ஏண்டி, நெசமாவே கெளம்பிட்டியா?"

"ஆமா அத்தை. நீங்கதான கெளம்பச் சொன்னீங்க."

"அது கால் எரிஞ்ச எரிச்சல்ல சொன்னதுடீ! கோவத்துல நாலு சொல்லு சொன்னா, அதுக்குப் பொட்டியத் தூக்கிருவியா?"

"கோவத்துல சொன்னீங்களா, நெசமாச் சொன்னீங்களான்னு எனக்கு எப்படி அத்தை தெரியும்? அப்புறம் நாலு நாளு இருந்துச்சு. இல்லன்னு ஒரு வார்த்த நீங்க சொல்லல. இவரும் சொல்லல."

"சொல்லணுமாக்கும்! அவன் மூஞ்சியப் பாரு. ராத்திரி முழுக்க ஒறங்காம, அழுது, கண்ணு எப்படிச் செவந்து கெடக்குன்னு பாரு. நீ போறது அவனுக்கு உசுரு போற மாதிரி இருக்குன்னு எழுதி ஒட்டியிருக்குடீ அங்க!"

ஈஸ்வரி திரும்பிப் பிரவீன்குமாரின் முகத்தை உற்றுப் பார்த்தாள். நெற்றி, கண், மூக்கு, வாய் என்று, தெரியாத பாஷையில் எழுதிய பலகையை எழுத்து எழுத்தாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"பாக்குறேன் அத்தை. கண்ணு செவப்பா இருக்கு. லைன் வேலைக்குப் போனதுல தூசி விழுந்துருச்சுன்னு நெனச்சேன். எனக்குத் தெரியல அத்தை. நெசமாத் தெரியல."

ரெங்கம்மா அவன் முகத்தை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தாள். பத்து நாளாக அந்த முகத்தில் திமிரைத் தேடிக்கொண்டிருந்தவள், இப்போதுதான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பவர்களைப் பார்ப்பதுபோல, ஒன்றையும் தேடாமல் பார்த்தாள். முப்பது வருஷம் பார்த்த கண். பொய் சொல்கிறவள் முகம் எப்படி இருக்கும், முட்டி மோதித் தோற்றவள் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாதா?

பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "வாயத் தொறடா."

"அம்மா, எல்லாரும் பாக்குறாங்க..."

"பாக்கட்டும். இவளுக்கு மட்டும்தான் தெரியல. இவளுக்குச் சொல்லு."

பின்னால் நின்றவர்கள் "சலோ, சலோ, ஆகே படோ" என்று முன்னே நகரச் சொல்லி நெருக்கினார்கள். டிக்கெட் பார்க்கிறவர் பேனாவால் தட்டிக்கொண்டிருந்தார். பிரவீன்குமார் இரண்டு பையையும் கீழே வைத்தான்.

"போகாத" என்றான்.

"ஏன்?" அவள் கேலிக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளவே கேட்டாள்.

"ஏன்னா... நீ இல்லாட்டி வீட்ல எனக்குப் பேச ஆள் இல்ல."

"நீங்கதான் வீட்ல பேசவே மாட்டீங்களே."

"பேச மாட்டேன்தான். நீ பேசுறதக் கேட்டுக்கிட்டு இருப்பேன். அதுவே நான் பேசுற மாதிரி இருந்துச்சு. மத்லப்... அதாவது, எனக்குச் சொல்லத் தெரியல ஈஸ்வரி. போன்ல வரும். நேர்ல நீ பாத்துட்டு இருக்கேல்ல, அதுவே போதும்னு நெனச்சுட்டேன்."

"அன்னைக்கு அந்தப் பேப்பரப் பத்திச் சொன்னேன். கோபமான்னு கேட்டேன். எந்திரிச்சுப் போயிட்டீங்க."

"வெக்கமா இருந்துச்சு. ஏழு மாசமா உன்ன மொறச்சுக்கிட்டு இருந்திருக்கேன், நீ அதப் பாக்கக்கூட இல்லன்னு. அப்புறம், கொஞ்சம் கோபமும்தான். கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல? நான் உன்கிட்ட எல்லாம் சொன்னேன்."

"சொல்லியிருக்கணும்" என்றாள் அவள். "அம்மா வேண்டாம்னாங்க. ஆனா அம்மா மேல மட்டும் போட முடியாது. நானும் பயந்தேன். தப்புதான்."

கப்பல் ஒரு தடவை ஊதியது. "இனிமே நேர்லயும் சொல்வீங்களா? தெனமும் என்னால மூஞ்சியக் கண்டுபிடிக்க முடியாது. எனக்கு அது முழுசா வராது, பழகுனாலும் அரைகுறைதான் வரும்னு அந்தக் கவுன்சலரே சொல்லிட்டாங்க."

"சொல்றேன். மறந்துருவேன். மறந்தா கேளு."

"கேட்டா எந்திரிச்சுப் போகக் கூடாது."

"போக மாட்டேன்."

அவள் டிக்கெட் பார்க்கிறவரிடம் திரும்பி, "ஏக் ஹீ ஜாயேகா, பாய் சாஹப்" என்றாள். ஒருவர்தான் போகிறார். அவர் ஒரு டிக்கெட்டை அவள் கையில் திருப்பிக் கொடுத்தார். பன்றிக் கூண்டுக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் ஏனோ கை தட்டினாள்.

ஏணியில் கால் வைக்குமுன் ரெங்கம்மா நின்றாள். மருமகளின் தோளைத் தொடப் போனவள், கையைக் கீழே இறக்கிக்கொண்டு, வார்த்தையைத் தேடினாள். அவளுக்கும் அது பழக்கமில்லாத வேலை.

"ஈஸ்வரி, இங்க பாரு. அன்னைக்கு மழையில உக்காந்திருந்தது சொகமா இல்ல. எனக்கு ஆத்திரம். இப்ப ஆத்திரம் இல்ல. கால் மட்டும் வலிக்குது. வெளங்குதா?"

"வெளங்குது அத்தை."

"சோறு வடிக்கிறத விட்டுரு. குக்கர்ல வையி."

"சரி அத்தை."

கப்பல் போனபின் இரண்டு பேரும் ஜீப்பில் வீட்டுக்கு வந்தார்கள். ஒரே ராத்திரியில் ஒன்றும் தலைகீழாகிவிடவில்லை. ஈஸ்வரி அதற்கடுத்த வாரமும் வரிசையில் பக்கத்துக் குவார்ட்டர்ஸைத் தன் வீடு என்று நினைத்துக் கதவைத் தட்டினாள். பிரவீன்குமார் மூன்று நாள் நன்றாகப் பேசிவிட்டு நாலாம் நாள் பழையபடி உம்மென்று உட்கார்ந்தான். அவள் கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றான். ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றே அவள் எடுத்துக்கொண்டு கீரை ஆய்ந்தாள். அவனுக்கு அதற்கும் கோபம் வந்தது. பிறகு தன் மேலேயே கோபம் வந்தது. ஜெயலட்சுமிக்குப் போன் செய்து, அந்தப் பேப்பரை எடுத்துக் கப்பலில் அனுப்பச் சொன்னாள் ஈஸ்வரி. "வீட்ல தெரிஞ்சிருச்சாடீ?" என்று அந்தப் பக்கம் அழுகை. "தெரிஞ்சிருச்சும்மா. நான்தான் சொன்னேன். அழாத, இங்க யாரும் சாகல" என்றாள்.

டிசம்பரில் ஒரு மத்தியானம் பிரவீன்குமார் டியூட்டி முடிந்து வந்தான். வாசலிலேயே, செருப்பைக் கழற்றாமல், மனப்பாடம் செய்த பிள்ளை ஒப்பிப்பதுபோல நின்று சொன்னான்:

"எனக்கு இன்னைக்குக் கோபம். உன் மேல இல்ல, ஜே.இ. மேல. அரை மணி நேரம் பேச மாட்டேன். அப்புறம் பேசுவேன்."

"சரி" என்று ஈஸ்வரி சோற்றைப் போட்டு, கருவாட்டுக் குழம்பை ஊற்றி, தானும் எதிரே உட்கார்ந்தாள். வெளியே தென்னைமட்டை ஒன்று விழுந்த சத்தம் கேட்டது. அவன் இரண்டு வாய் சாப்பிட்டான். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது.

"அந்த ஆளு என்ன சொன்னான் தெரியுமா?" என்று ஆரம்பித்தான்.

"தெரியாது, சொல்லுங்க" என்றாள் அவள்.

அவன் சொன்னான்.